கேபிள் அறுந்த பிறகும் 'இணைப்பில் இருக்கிறது' என்று சொல்லும் சர்வர்: எந்த டைம்அவுட்டைக் குறைப்பது?

ஜூன் 4, மாலை 6.12 (கேள்வி)

அண்ணா, எங்கள் துணிக்கடையில் 14 பில்லிங் கவுன்டர், எல்லாம் உபுண்டு. சர்வரில் போஸ்ட்கிரெஸ் 13 டேட்டாபேஸ். இரண்டாம் மாடி ஸ்விட்சுக்குக் கரண்ட் போனால் அந்த மாடிக் கவுன்டர்கள் அறுந்துவிடுகின்றன, அது சரி. ஆனால் கீழ்த்தளத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கவுன்டரும் சில சரக்குகளுக்குப் பில் போட முடியாமல் நிற்கிறது. சர்வரில் பார்த்தால் மாடிக் கவுன்டர்கள் இன்னும் இணைப்பில் இருப்பதாகவே காட்டுகிறது. சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கீப்அலைவ் ஆனில்தான் இருக்கிறது. எதைக் குறைக்க வேண்டும்?

ஜூன் 4, இரவு 9.50

தம்பி, கீப்அலைவ் ஆனில் இருக்கிறது என்பதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. லினக்ஸில் அதன் மாறாநிலை அளவுகளைப் பாருங்கள். 7200 விநாடி சும்மா கிடந்த பிறகுதான் முதல் ப்ரோப் ('இருக்கிறாயா?' என்று கேட்கும் சிறு பாக்கெட்) போகும். பதில் வராவிட்டால் 75 விநாடிக்கு ஒன்றாக 9 ப்ரோப். கூட்டினால் 7875 விநாடி, அதாவது 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. அதுவரை அந்தக் கவுன்டர் உயிரோடு இருப்பதாகத்தான் சர்வர் நினைக்கும்.

இந்த 2 மணி 11 நிமிடத்தை நான் மனப்பாடம் செய்யவில்லை, அனுபவித்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் கிராமத்துப் பால் சேகரிப்பு நிலையங்களுக்கான சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பழைய லேப்டாப், சிம் போட்ட மோடம், தராசு, கொழுப்பு பார்க்கும் மெஷின். ஒரு வழித்தடத்தில் 9 நிலையங்கள். ஒரு நாள் காலை 5.52-க்கு ஒரு நிலையத்தில் சிக்னல் போனது. மோடம் ஒரு நிமிடத்தில் திரும்ப இணைந்தது, ஆனால் புது ஐபி முகவரியோடு. பழைய இணைப்பு, வழித்தடத்தின் அன்றைய மொத்தம் இருக்கும் ரோவை (டேபிளின் ஒரு வரியை) மற்றவர் மாற்ற முடியாதபடி லாக் பண்ணியபடியே சர்வரில் கிடந்தது. புது இணைப்பு அந்த லாக்குக்காகக் காத்திருந்தது. மற்ற 8 நிலையங்களும் காத்திருந்தன. பால் வண்டி 7 மணிக்குக் கிளம்பிவிடும். கேனோடு வரிசையில் நின்றவர்களுக்கு நோட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். லாக் விட்டபோது மணி 8.03.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் கான்ஃபிகில் டிசிபி (இரண்டு மெஷினுக்கு நடுவே இணைப்பை நடத்தும் விதிமுறை) கீப்அலைவ்ஸ் ஐடில் (முதல் ப்ரோப்புக்கு முந்தைய அமைதி) 30, இன்டர்வல் (ப்ரோப்புகளின் இடைவெளி) 10, கவுன்ட் (எத்தனை ப்ரோப்) 3. மொத்தம் 60 விநாடி. ரீலோட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம்.

ஜூன் 4, இரவு 10.15

சோதித்துப் பார்க்கும்போது பில்லிங் புரோகிராமை மூடிப் பார்க்காதீர்கள். மூடினால் கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) 'முடிந்தது' என்று சொல்லும் ஃபின் பாக்கெட் அனுப்பி ஒழுங்காக விடைபெறும், சர்வருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். மெஷினை ஷட்டவுன் செய்தாலும் அப்படித்தான். 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். உங்கள் பிரச்சினை சொல்லாமல் போகும் இணைப்பு. அதற்கு ஸ்விட்சின் கரண்டை நிறுத்துங்கள், அல்லது லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் அந்தக் கவுன்டரின் பாக்கெட்டுகளை 'டிராப்' பண்ணுங்கள். 'ரிஜெக்ட்' போடக்கூடாது, அது பதில் அனுப்பிவிடும்.

ஜூன் 5, காலை 7.30

ஏன் 2 மணி நேரம் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது யாரோ அசட்டையாக வைத்த எண் இல்லை. 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122 (இணையத்துக்கான விதிகளை எழுதிய ஆவணம்) கீப்அலைவைக் கட்டாயமாக்கவில்லை. வைத்தால் மாறாநிலையில் ஆஃபாக இருக்க வேண்டும், மாறாநிலை இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்றது. அன்று பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்த நெட்வொர்க்குகள் இருந்தன. அதைவிட முக்கியமான காரணம், நடுவழியில் கொஞ்ச நேரம் கோளாறானதற்காக நல்ல இணைப்பைக் கொன்றுவிடக்கூடாது என்ற கவலை. யாரும் எதுவும் அனுப்பாத நேரத்தில் கேபிளைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்து மாட்டினாலும் டிசிபி இணைப்பு அப்படியே இருக்கும். அது டிசிபியின் பெரிய குணம். நாம் டைம்அவுட்டைக் குறைக்கும்போது அந்தக் குணத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 5, மதியம் 1.40

நேற்று நான் சொன்னதில் பாதிதான் இருக்கிறது. தம்பி மதியம் எழுதியது: 'சர்வர் இப்போது ஒரு நிமிடத்தில் விட்டுவிடுகிறது அண்ணா, ஆனால் மாடிக் கவுன்டரின் திரை கால் மணி நேரம் உறைந்து நிற்கிறது. அங்கேயும் கனெக்ஷனில் அதே 30, 10, 3 போட்டேன்.'

இது வேறு கடிகாரம். கீப்அலைவ் ஓடுவது இரண்டு பக்கமும் பேசாமல் இருக்கும்போது மட்டும். நாம் அனுப்பிய டேட்டாவுக்கு ஏற்பு ('வந்து சேர்ந்தது' என்ற பதில்) வராமல் நிலுவையில் இருந்தால் கீப்அலைவ் ஒதுங்கிவிடும், மறு அனுப்பல் டைமர் வேலை செய்யும். உங்கள் கவுன்டர் ஒரு கேள்வியை அனுப்பியிருக்கிறது, ஏற்பு வரவில்லை. கர்னல் அதையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது. இடைவெளி 0.2 விநாடியில் தொடங்கி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும், 120 விநாடிக்கு மேல் போகாது. டிசிபி ரிட்ரைஸ்2 என்ற அளவு 15. கூட்டினால் 924.6 விநாடி. நீங்கள் பார்த்த கால் மணி நேரம் அதுதான்.

கண்ணால் பார்க்க ஆசை இருந்தால், உறைந்திருக்கும்போது கவுன்டரில் இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையை -டிஎன்ஓ சேர்த்துப் போடுங்கள். வரியின் கடைசியில் டைமர் இருக்கும். அடைப்புக்குள் 'கீப்அலைவ், 22 விநாடி, 0' என்று இருந்தால் சும்மா கிடக்கும் இணைப்பு. 'ஆன், 1 நிமிடம் 35 விநாடி, 9' என்று இருந்தால் ஒன்பது முறை அனுப்பிவிட்டுப் பத்தாவதுக்குக் காத்திருக்கிறது. நான் முதல் முறை இதைப் பார்த்த இரவு, அந்த எண் 9-இலிருந்து 10 ஆகும் வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதுவரை கீப்அலைவ் எண்களையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்து: டிசிபி யூசர் டைம்அவுட். 2011 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.37-இலிருந்து இருக்கிறது. ஏற்பு வராத டேட்டா எவ்வளவு நேரம் நிலுவையில் இருக்கலாம் என்று ஒரு சாக்கெட்டுக்கு, அதாவது ஒரு தனி இணைப்புக்கு மட்டும் சொல்லும் வழி. போஸ்ட்கிரெஸ் 12-இலிருந்து சர்வர் பக்கமும் கிளையன்ட் பக்கமும் வைக்கலாம். கவுன்டரில் 20 விநாடி வையுங்கள்.

ரிட்ரைஸ்2-ஐயே குறைத்துவிடலாமே என்பார்கள். அது அந்த மெஷினின் எல்லா இணைப்புகளையும் தொடும். ஒரு நோய்க்கு வீட்டில் எல்லோருக்கும் மருந்து கொடுப்பது போல. நான் தொடமாட்டேன்.

ஜூன் 5, மதியம் 2.05

கவனம்: கீப்அலைவ் எண்கள் விநாடியில். யூசர் டைம்அவுட் மில்லிவிநாடியில். 20 விநாடிக்கு 20000. வெறும் 20 என்று போட்டால் ஒரு பாக்கெட் தொலைந்தாலே இணைப்பு அறுந்துவிடும்.

ஜூன் 6, இரவு 11.20

20 விநாடி என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். யாராவது அப்படி வைத்திருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள்.

இன்று வீட்டில் இரண்டு மெஷினை வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். யூசர் டைம்அவுட் நிலுவை டேட்டாவை மட்டும் தொடும் என்று நினைத்திருந்தேன். லினக்ஸில் அது கீப்அலைவுக்குள்ளும் கை வைக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் 'கவுன்ட் 3' என்ற எண்ணை கர்னல் கண்டுகொள்வதில்லை. 30-ஆவது விநாடியில் முதல் ப்ரோப் போகிறது. 40-ஆவது விநாடியில் டைமர் எழுந்து பார்க்கிறது: 20 விநாடிக்கு மேல் அமைதி, ஒரு ப்ரோப்புக்குப் பதில் இல்லை. உடனே இணைப்பைக் கொன்றுவிடுகிறது. மூன்று வாய்ப்பு கொடுத்ததாக நாம் நினைப்போம், கொடுத்தது ஒன்றுதான். வயர் போட்ட கடைக்குள் இது வெளியே தெரியாது. சிம் மோடத்தில் ஒரு ப்ரோப் தொலைவது சாதாரணம், அங்கே காரணமே தெரியாமல் அறுந்துகொண்டிருக்கும்.

சரியான கணக்கு: யூசர் டைம்அவுட்டை ஐடிலோடு இன்டர்வல் பெருக்கல் கவுன்டைக் கூட்டி வரும் எண்ணுக்கு வையுங்கள். 30, 10, 3 என்றால் 60000. இப்போது 30, 40, 50-இல் மூன்று ப்ரோப் போய், 60-இல் முடிகிறது. கவுன்டர் 20 விநாடியில் விழித்துக்கொள்ள வேண்டும் என்றால் மூன்றையும் சேர்த்துக் குறையுங்கள்: ஐடில் 8, இன்டர்வல் 4, கவுன்ட் 3, யூசர் டைம்அவுட் 20000. கடைக்குள் ஓடும் வயருக்கு இது பொருந்தும்.

ஜூன் 7, காலை 6.50

'அப்படியென்றால் 3 விநாடி வைக்கலாமா?' என்று ஒருவர். கடைக்குள் வைக்கலாம். வெளியே வைக்காதீர்கள்.

8.03 சம்பவத்துக்குப் பிறகு கோபத்தில் பால் நிலையங்களுக்கு ஐடில் 5, இன்டர்வல் 2, கவுன்ட் 3 வைத்தேன். 11 விநாடி. முதல் வாரம் வெயில், பிரச்சினையே இல்லை. அப்புறம் ஒரு மழை நாள். அன்று காலை ஒரே நிலையம் 40 தடவைக்கு மேல் அறுந்து அறுந்து இணைந்தது. அந்த அம்மா எண்ணை அடித்து முடிப்பதற்குள் திரை 'இணைக்கிறது' என்று சுற்றத் தொடங்கிவிடும். பழைய அமைப்பில் அந்த 12, 15 விநாடி இடைவெளிகளை டிசிபி சத்தமில்லாமல் தாண்டிப் போயிருந்தது என்பது சர்வரின் பதிவுக் கோப்பைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நல்ல இணைப்புகளை நானே கொன்றுகொண்டிருந்தேன்.

பிறகு செய்தது இது. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் விநாடிக்கு ஒரு பிங் என்று மூன்று நாள் ஓடவிட்டு, பதில் வராமல் போன இடைவெளிகளின் நீளத்தை எழுதினோம். நீளமான இடைவெளிகள் 25 விநாடி அளவில் இருந்தன. அதற்கு மேல் போனவை நிமிடக் கணக்கில் போயின, அவை உண்மையான அறுபடல். இரண்டுக்கும் நடுவில் 45 வைத்தோம். உங்கள் இடத்துக்கு எந்த எண் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, அளந்துதான் வைக்க வேண்டும்.

ரவுட்டர்களுக்குள் பிஎஃப்டி என்று ஒன்று இருக்கிறது, ஆர்எஃப்சி 5880, 2010. 50 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட், மூன்று போனால் கோடு செத்தது என்று 150 மில்லிவிநாடியில் முடிவு செய்வார்கள். அங்கே மாற்று வழி தயாராக இருக்கும், தவறாக முடிவு செய்தாலும் நஷ்டம் சிறியது. நம் கவுன்டருக்கு மாற்று வழி எதுவும் இல்லை.

ஜூன் 7, இரவு 8.30

கிளவுடில் சர்வர் வைத்திருப்பவர் கேட்டதற்கு: மாதக் கடைசி ரிப்போர்ட் ஆறேழு நிமிடம் ஓடி, முடிவு வராமலே நிற்கிறது என்றால் நடுவில் இருக்கும் 'நாட்' (NAT, ஐபி முகவரியை மாற்றி அனுப்பும் பெட்டி) மீது சந்தேகப்படுங்கள். கேள்வி போய்ச் சேர்ந்து ஏற்பும் வந்துவிட்டது, பதில் தயாராகும் வரை கோட்டில் ஒரு பாக்கெட்டும் இல்லை. நடுவில் உள்ள பெட்டி 'இது சும்மா கிடக்கிறது' என்று தன் அட்டவணையிலிருந்து அழித்துவிடும். ஆர்எஃப்சி 5382 டிசிபிக்கு 2 மணி 4 நிமிடமாவது வைக்கச் சொல்கிறது. நடைமுறை வேறு. அமேசானின் நாட் கேட்வே 350 விநாடி. அஷூரின் லோட் பேலன்சர், மாறாநிலையில் 4 நிமிடம். கீப்அலைவ் ஐடில் இவற்றுக்குக் கீழே இருந்தால் போதும். இங்கே கீப்அலைவின் வேலை சாவைக் கண்டுபிடிப்பது இல்லை, இணைப்பை உயிரோடு வைத்திருப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததில்தான் பாதிக் குழப்பம்.

தொலைவிலுள்ள மெஷினில் வேலை செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் உறைவதற்கும் இதே வழி. கிளையன்ட் கான்ஃபிகில் சர்வர் அலைவ் இன்டர்வல் 15 போடுங்கள், மாறாநிலையில் அது 0, அதாவது அணைந்திருக்கும். கவுன்ட் மேக்ஸ் ஏற்கெனவே 3. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் முக்கால் நிமிடத்தில் டெர்மினல் கைக்கு வந்துவிடும்.

ஜூன் 9, இரவு 9.15

இரண்டு நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது. தம்பியின் கேள்வி லாக் பற்றியது. நான் நெட்வொர்க்கையே பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.

இதைச் செய்து பாருங்கள். நல்ல நெட்வொர்க்கில் ஒரு கவுன்டரில் பில்லைப் பாதி போட்ட நிலையில், அந்தப் புரோகிராமுக்கு 'கில்' கட்டளையால் ஸ்டாப் சிக்னல் அனுப்புங்கள். புரோகிராம் சிலையாக நிற்கும். சர்வரில் எஸ்எஸ் பாருங்கள்: கீப்அலைவ் ப்ரோப் போகிறது, பதில் வருகிறது, டைமர் திரும்ப 30-இலிருந்து இறங்குகிறது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அப்படியேதான். ஏனென்றால் கீப்அலைவுக்குப் பதில் சொல்வது கர்னல், புரோகிராம் இல்லை. லாக் அப்படியே இருக்கும். டிசிபி டைம்அவுட்டுகளை எவ்வளவு இறுக்கினாலும் இது மாட்டாது.

உங்கள் லாக்குக்கு நேரடி மருந்து போஸ்ட்கிரெஸிலேயே 9.6-இலிருந்து இருக்கிறது: ஐடில் இன் டிரான்ஸாக்ஷன் செஷன் டைம்அவுட். டிரான்ஸாக்ஷனை (ஒன்றாகவே முடிய வேண்டிய டேட்டாபேஸ் வேலைகளின் தொகுப்பை) திறந்துவிட்டுப் பேசாமல் இருப்பவரை இத்தனை விநாடியில் வெளியேற்று என்று பொருள். கேபிள் அறுந்ததா, புரோகிராம் உறைந்ததா, ஆள் டீ குடிக்கப் போனாரா என்று அது பார்க்காது. 15 விநாடி வையுங்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் பில்லிங் புரோகிராம் எழுதியவரிடம் ஒன்று கேளுங்கள்: சேல்ஸ்மேன் டைப் அடிக்கும் நேரம் முழுக்க டிரான்ஸாக்ஷன் ஏன் திறந்திருக்கிறது? பால் சர்வரிலும் அப்படித்தான் எழுதியிருந்தோம். கொழுப்பு மெஷின் எண் காட்டும் வரை ரோ லாக்கில் இருந்தது. எண்ணெல்லாம் வந்த பிறகு திறந்து, எழுதி, மூடும்படி மாற்றினோம். லாக் பிடித்திருக்கும் நேரம் நிமிடத்திலிருந்து கண்சிமிட்டும் நேரமாகக் குறைந்தது. மற்ற எல்லா டியூனிங்கையும் சேர்த்தாலும் அந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது.

ஜூன் 10, காலை 7.10

போஸ்ட்கிரெஸ் 14 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு: கிளையன்ட் கனெக்ஷன் செக் இன்டர்வல் என்று ஒன்று இருக்கிறது. நீண்ட கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டவர் போய்விட்டாரா என்று பார்க்கும். ஆனால் அதுவும் கர்னல் சொல்வதைத்தான் நம்புகிறது. சொல்லாமல் போன இணைப்புக்குக் கீப்அலைவ் எண்கள் சரியாக இருந்தால்தான் அது பயன்படும்.

ஜூன் 12, இரவு 10.40

தம்பி இன்று சோதித்த முடிவை எழுதியிருக்கிறார்: ஸ்விட்ச் கரண்டை நிறுத்தியதும் கீழ்த்தளக் கவுன்டர் 14 விநாடி நின்றது, பிறகு பில் போட்டது. மாடிக் கவுன்டர் 20 விநாடியில் 'சர்வர் இல்லை' என்று காட்டியது. மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

அந்த 'சர்வர் இல்லை'க்கு அடுத்து உங்கள் புரோகிராம் என்ன செய்கிறது? 'திரும்ப முயற்சிக்கவும்' பட்டன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

டைம்அவுட் வந்தால் பதில் வரவில்லை என்று மட்டும்தான் பொருள். வேலை நடக்கவில்லை என்று பொருள் இல்லை. கமிட் (பதிவை உறுதிசெய்யும் கட்டளை) சர்வருக்குப் போய், எழுதப்பட்டு, 'ஆயிற்று' என்ற பதில் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். எங்கள் பால் நிலையங்களில் திரை 15 நிமிடம் உறைந்த காலத்தில் யாரும் இரண்டாம் முறை அழுத்தவில்லை, மெஷினை அணைத்துவிட்டு நோட்டை எடுத்தார்கள். 45 விநாடியில் பட்டன் வந்த பிறகு எல்லோரும் அழுத்தினார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு பாட்டி பாஸ்புக்கோடு வந்தார். ஒரே காலையில் 6.4 லிட்டர் இரண்டு வரி, இரண்டிலும் கொழுப்பு 4.3. அதிகப் பணம் வந்திருந்தது. 'என் மாடு அவ்வளவு கறக்காது, இது யாருடையது?' என்று திருப்பிக் கொடுக்க வந்தவர் அவர். அவர் வராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தேயிருக்காது.

அன்று இரவே ரசீது எண்ணை லேப்டாப்பிலேயே உருவாக்கும்படி மாற்றினோம்: நிலைய எண், தேதி, வேளை, வரிசை எண். டேபிளில் அதை யூனிக் ஆக்கினோம். இரண்டாம் முறை அனுப்பினால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று வரும், புரோகிராம் அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளும்.

உங்கள் பில் எண் எங்கே உருவாகிறது, கவுன்டரிலா சர்வரிலா? சர்வரில் என்றால் இந்த வாரம் டைம்அவுட்டைக் குறைத்த பிறகு வந்த பில்களில் ஒரே கவுன்டர், ஒரே தொகை, ஒரு நிமிடத்துக்குள் இரண்டு என்று இருப்பவற்றைத் தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், நான் விழித்திருக்கிறேன்.

ஜூன் 12, இரவு 11.55

நான்கு இருக்கின்றன என்கிறார். நாளைக் காலை கடை திறக்கும் முன் அந்த நான்கையும் கவுன்டர் ஆட்களோடு உட்கார்ந்து சரிபாருங்கள் தம்பி. இரண்டு பேர் உண்மையிலேயே ஒரே விலைக்கு வாங்கியிருக்கவும் கூடும், அதனால் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள். கார்டில் பணம் கொடுத்தவர்கள் என்றால் கார்டு மெஷினின் சீட்டில் ஒரு தடவைதானா என்றும் பாருங்கள். யூனிக் எண் வரும் வரை அந்தப் பட்டனை எடுத்துவிட்டு, 'கடைசிப் பில் பதிவாகியிருக்கிறதா?' என்று முதலில் சர்வரைக் கேட்கும்படி வைக்கச் சொல்லுங்கள்.